ஆரல்வாய்மொழிக் காற்றில் கேட்ட குரல்

என் தங்கை மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து ஆறு வருடத்தில் ஒரு விமானம் கட்டி முடித்தான். பீட்டன்போல் ஏர் கேம்பர் என்று பெயர். மரச்சட்டம், அதன்மேல் துணி, தலைக்கு மேலே ஒற்றை இறக்கை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். ஓட்டுபவருக்கு இடம் பின்னால்தான். மூடி கிடையாது. முகத்துக்கு முன் கையகலக் கண்ணாடி ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

முதல் சவாரிக்கு அவன் அம்மாவை, அதாவது என் தங்கையை, முன் இருக்கையில் உட்கார வைத்தான். மேலே போனதும் கீழே தெரிந்த ஏரியைப் பார்க்கச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தியிருக்கிறான். அவளுக்குக் காற்றிரைச்சலில் வார்த்தை எதுவும் புரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. என்னமோ ஆகிவிட்டது, பிள்ளை பதறிப்போய்க் கூப்பிடுகிறான் என்று நினைத்து, இறங்கும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவும் இல்லை. இத்தனைக்கும் இருவர் தலையிலும் ஹெட்செட் இருந்தது, ஒருவர் பேச்சை மற்றவர் காதுக்குக் கொண்டுபோகும் இன்டர்காமும் நடுவில் இருந்தது.

போன வருடம் ஜூனில் லீவுக்கு இருவரும் தோவாளை வந்தபோது, அந்த இன்டர்காமையும் ஹெட்செட்டுகளையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "மாமா, இது ஏன் கேக்கலன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான். நான் விமானப்படையில் 20 வருடம் ரேடியோ ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்று வந்த பிறகு அந்த வேலையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று ராத்திரியே பெட்டியைத் திறந்துவிட்டேன்.

விமானத்திலிருந்து வெளியே பேசும் ரேடியோவை அவன் கொண்டுவரவில்லை, நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். விமான அலைவரிசைக் கருவியை நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. இன்டர்காம் வெறும் ஒயர் வழிப் பேச்சு, அதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

முதலில் அந்தப் பழைய இன்டர்காமைப் பற்றி. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. மூடிய விமானத்தில் அது நன்றாகவே வேலை செய்யக்கூடும். குரல் வந்தால் மைக்கைத் தானே திறந்து, குரல் நின்றால் தானே மூடும் வகை அது. அந்தக் கதவை எந்த அளவு சத்தத்தில் திறப்பது என்பதையும் அதுவே கணக்குப் பண்ணிக்கொள்ளும். திருகிச் சரிசெய்யக் குமிழ் கிடையாது. வீட்டுக்குள் மின்விசிறிக்கு முன்னால் வைத்துப் பார்த்தோம், அருமையாக இருந்தது. மின்விசிறிக் காற்று ஒரே சீராக வரும், அதனால் கருவி அதைப் பழகிக்கொள்கிறது. திறந்த காக்பிட்டில் காற்று சீராக வராது, அறைந்து அறைந்துதான் வரும். சோதித்துப் பார்க்க அப்படிக் காற்றடிக்கும் ஒரு இடம் வேண்டும். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஜூன் மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் ஒரு திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து முப்பந்தல் பக்கம் வந்து விழுகிறது. காற்றாலைகளை அங்கே சும்மா கொண்டுபோய் நடவில்லை. கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டுக்கு ஓட்டும் பழைய மகேந்திரா ஜீப் ஒன்று நண்பரிடம் இருக்கிறது. மேல் துணியைக் கழற்றி, முன் கண்ணாடியை பானட்டின்மேல் மடக்கிப் போட்டுவிட்டால் அதுவும் ஒரு திறந்த காக்பிட்தான். டீசல் எஞ்சின் போடுகிற சத்தத்தில் இரைச்சலுக்கும் குறைவில்லை.

தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றிவரும் வண்டிகள் போய் ஓய்ந்த பிறகு, காலை எட்டு மணி வாக்கில் காவல்கிணறு வரை போய்த் திரும்பினோம். திரும்பும்போது முகம் மேற்கே, காற்று எதிரே. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு, கையடக்கக் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தேன். 40 கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. ஜீப் 60இல் போனால் முகத்தில் விழுவது 100. அவனுடைய விமானம் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் போவது, ஆனால் அதற்குச் சின்னதாகவாவது ஒரு கண்ணாடி இருக்கிறது. இரண்டும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொண்டோம்.

நான் முன்னால், அவன் பின்னால். வண்டி வேகம் எடுத்ததும் என் மைக் திறந்தது, பிறகு மூடவே இல்லை. காதுக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் அவன் குரல் பாதி பாதியாக வந்தது. "என்ன சொல்லுத மக்கா, ஒண்ணும் கேக்கல" என்று நான் கத்த, என் கத்தலைக் கேட்டுக் கருவி தன் அளவை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டது. அடுத்து நான் சாதாரணமாகப் பேசியபோது கதவு திறக்கவில்லை. தங்கைக்கு அன்று என்ன நடந்திருக்கும் என்பது அந்த ஒரு கிலோமீட்டரில் எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டாவது கருவியை அவன் ஊருக்கு வருவதற்கு முன்பே வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தான். சின்னது, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. எந்த அளவு சத்தத்தில் மைக் திறக்கவேண்டும் என்று வைக்கும் ஸ்க்வெல்ச் குமிழை அதில் நாமே திருகலாம். முழுக்கத் திருகி மைக்கை அடைத்துவிட்டு, பொத்தானை அழுத்தும்போது மட்டும் பேசலாம். நான் சொல்லக்கூடிய முக்கியமான விஷயம் இதுதான்: திறந்த விமானத்துக்கு அழுத்திப் பேசும் பொத்தான் இல்லாத இன்டர்காமை எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கை ஓயாமல் அழுத்தவேண்டுமே என்று அவன் முதலில் தயங்கினான். பேசாத நேரத்தில் காது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் பொத்தானை அழுத்தினால் குரலோடு காற்றும் வந்தது. அதற்கு மைக்கைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பணத்தையும் நேரத்தையும் போடவேண்டிய இடம் மைக்தான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

விமான ஹெட்செட் மைக்கில் முன்னும் பின்னும் ஓட்டை இருக்கும். எஞ்சின் சத்தம் தூரத்திலிருந்து வருவதால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வாய் ஒரு பக்கத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் குரல் மட்டும் நிற்கும். அதனால்தான் மைக்கை உதட்டில் படுகிற மாதிரி வைக்கவேண்டும் என்பது. ஒரு விரல் தள்ளினாலும் குரல் போய்விடும். மைக் தண்டு திரும்பிக்கொண்டு பின்பக்கம் உதட்டைப் பார்த்துவிடக் கூடாது, நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை. காற்று அப்படி அழியாது. அது சுழன்று சுழன்று ஒரு பக்கத்தில் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் அடிக்கும். எஞ்சினை அடக்கும் மைக் காற்றிடம் தோற்பது இதனால்தான்.

பஞ்சு உறை போட்டோம், கொஞ்சம் குறைந்தது. அதன்மேல் மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு உறை தைக்கலாம் என்று தோன்றியது. நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் மைக்கையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவெடுத்து, மைக்குக்குச் சட்டை போட்ட மாதிரி தைத்துக் கொடுத்தார். மறுநாள் ஜீப்பில் போனால் காற்று அடங்கிவிட்டது, ஆனால் டீசல் எஞ்சின் சத்தம் முன்பைவிடக் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்ததும் புரிந்தது. தோல் பின்பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் புகுந்தால்தானே அழியும்? திரும்பக் கொண்டுபோய் முன்னும் பின்னும் ஊசிமுனை அளவில் சரிசமமாக ஓட்டைகள் போடச் சொன்னேன். அண்ணாச்சி எண்ணிப் போட்டார், பக்கத்துக்கு ஒன்பது. உறை ஒன்றுக்கு 150 ரூபாய்.

மூன்றாம் நாள் அதே சாலையில், அதே வேகத்தில், பின்னாலிருந்து அவன் "மாமா, வலது பக்கம் மகேந்திரகிரி தெரியுது பாருங்க" என்றான். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். நான் வலது பக்கம் திரும்பி மலையைப் பார்த்தேன், பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஹெட்செட்டைப் பற்றி. அவனிடம் விலை கூடிய ஒன்று இருந்தது, இரைச்சலுக்கு எதிர்ச்சத்தம் எழுப்பி அதை அடக்கும் வகை. காற்று காதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தூக்கித் தூக்கி விட, உள்ளே அழுத்தம் ஏறி இறங்கி 'டப் டப்' என்று அடித்தது. மூடிய விமானத்தில் கொண்டாடவேண்டிய பொருள், இந்த வேலைக்கு அது ஆகாது. மற்றது டேவிட் கிளார்க் எச்10-13.4, பச்சை நிறக் கிண்ணம், பேட்டரி இல்லாதது. சத்தத்தை 23 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். காதை அது இறுக்கிப் பிடிக்கும் விதமே எனக்குப் பிடித்தது. மேலே ஒரு துணிக்குல்லாய் மாட்டி நாடியின் கீழ் கட்டிவிட்டால் காற்று அசைக்கமுடியாது. காதுக்குள் பஞ்சு அடைப்பானும் வைத்து, அதன் மேல் ஹெட்செட்டை மாட்டி ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வயதான காதுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஹெட்செட்டுகளில் இரண்டு பிளக் வரும். காதுக்கு உள்ளது 6.35 மில்லிமீட்டர், கிட்டார் ஒயரில் இருக்கும் அதே அளவு, நாகர்கோவிலில் இசைக்கருவி விற்கும் கடையிலேயே கிடைக்கும். மைக்குக்கு உள்ளது 5.2 மில்லிமீட்டர், அதை இங்கே தேடி அலையவேண்டாம், வரவழைத்துத்தான் ஆகவேண்டும். கடலோரத்து ஊர்களில் வைத்திருப்பவர்கள் பிளக்கை மாதம் ஒருமுறையாவது துடைத்து வையுங்கள். உப்புக்காற்று பட்ட பிளக்கில் வரும் கரகரப்பை இன்டர்காமின் கோளாறு என்று நினைத்துப் பலர் கருவியையே மாற்றிவிடுவார்கள்.

அப்புறம் ஆகஸ்டில் நானும் அமெரிக்கா போனேன். விமானத்தைத் தொட்டுப் பார்த்தது அங்கேதான்.

அதிலிருந்த ரேடியோ ஐகாம் ஐசி-ஏ25. கையில் பிடிக்கும் கருவி. 118 முதல் 136.975 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். உச்சத்தில் 6 வாட் என்று போட்டிருப்பார்கள், பேச்சைச் சுமந்துபோகும் தாங்கு அலையின் அளவில் பார்த்தால் 1.8 வாட். குறைவு என்று கவலைப்பட வேண்டாம், மேலே போய்விட்டால் மறைக்க ஒன்றும் இல்லாததால் அதுவே தாராளம். தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி57 பாதுகாப்பு இருப்பது, மழை நேரே மடியில் விழும் விமானத்துக்குப் பொருத்தம். திரை வெயிலிலும் தெரிந்தது. கையுறை போட்ட கையால் எந்தக் கைரேடியோவிலும் எண் அடிப்பது சிரமம், ஆகவே அன்றைக்கு வேண்டிய அலைவரிசைகளைத் தரையிலேயே போட்டு வைத்துவிடுவான்.

கூடவே வரும் குட்டை ஆன்டெனாவைக் காக்பிட்டுக்குள் வைத்துப் பேசினால் பாதிப் பேச்சுதான் போகும். வெளி ஆன்டெனா வேண்டும். உலோக விமானத்தில் ஆன்டெனாவுக்கு அடியில் வேண்டிய உலோகத் தளமாக உடலே இருந்துவிடும். இது மரமும் துணியும். இருக்கைக்குப் பின்னால் பிளைவுட்டின் உள்பக்கத்தில் 59 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு செப்புப் பட்டைகளைச் சிலுவையாக ஒட்டி, நடுவில் ஆன்டெனாவை நிறுத்தினேன். அந்த அலைவரிசையின் கால் அலைநீளம் அவ்வளவுதான். அதற்கு முன் ஓடுபாதையைத் தாண்டினால் தேய்ந்துபோன குரல், பிறகு பக்கத்து ஊர் மைதானங்களில் இறங்குபவர்கள் சொல்வதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அடுத்தது எஞ்சினின் முனகல். விமான ரேடியோ ஏஎம் முறை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் அடியோடு மறைந்துபோகாமல், மோதல் நடந்தது கேட்பவருக்குத் தெரியும், அது அதன் நன்மை. ஆனால் ஸ்பார்க் பிளக்கின் பொறி ஒவ்வொன்றையும் ஏஎம் காதில் கொண்டுவந்து கொட்டும். எஞ்சின் வேகம் கூடக் கூட ரேடியோவில் ரீங்காரமும் கூடியது. தரையில் வைத்து ஓட்டி, பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் மாற்றி மாற்றி அணைத்துப் பார்த்தோம். வலது பக்கத்தை அணைத்ததும் ரீங்காரம் நின்றது. அதை அணைக்கும் சுவிட்சுக்கு வரும் ஒயரின் கவசப் பின்னல், மேக்னெட்டோ முனையில் எர்த்தோடு சேராமல் ஆடிக்கொண்டிருந்தது. சுரண்டி, துடைத்து, முறுக்கினேன். அவ்வளவுதான் வேலை. புது ஃபில்டர் வாங்கக் கணக்குப் போட்டு வைத்திருந்தான், தேவைப்படவில்லை.

எஞ்சின் கான்டினென்டல் ஏ-65. நான் எஞ்சின் ஆள் இல்லை, ரேடியோக்காரனின் காதால்தான் அதை மதிப்பிடுகிறேன். எதிரெதிராகப் படுத்த நான்கு சிலிண்டர், 2.8 லிட்டர், 2,300 சுற்றில் 65 குதிரைத்திறன், கியர் இல்லாமல் நேரே சுழலும் புரொப்பல்லர். மெதுவான சுற்று என்பதால் சத்தம் கனமாக, அடித்தொண்டையில் இருக்கும். காதுக்கிண்ணத்தையும் மைக்கையும் ஏமாற்றும் கிறீச்சிடல் அதில் இல்லை. மணிக்கு 15 லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கிறது. மின்சார ஏற்பாடே கிடையாது. ஆல்டர்னேட்டர் இல்லாததால் அதன் ஊளையும் ரேடியோவுக்குள் வராது, பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகளுக்கு இதைவிடச் சுத்தமான துணை இல்லை.

ஆனால் ஸ்டார்ட்டரும் இல்லை. புரொப்பல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்பவேண்டும். சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, உள்ளே விவரம் தெரிந்த ஒருவர், இந்த மூன்றும் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. மருமகன் தனியாக இருக்கும் நாளில் விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பதில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி. இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ரோட்டாக்ஸ் 912 இருக்கிறது. 80 குதிரைத்திறன், பொத்தான் அழுத்தினால் கிளம்பும், ரேடியோவுக்கு மின்சாரமும் தரும். அது 5,800 சுற்றில் ஓடிக் கியர் வழியாகப் புரொப்பல்லரைச் சுற்றுவது. நல்ல எஞ்சின்தான். எனினும் 1929இல் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட வடிவம் இது. மெதுவான, கனமான துடிப்புதான் இதற்குப் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

என் பயிற்சிக் காலத்தில் பழைய வாத்தியார் ஒருவர் டைகர் மாத் என்ற பழைய திறந்த பயிற்சி விமானத்தின் கோஸ்போர்ட் குழாயைப் பற்றிச் சொல்வார். ரப்பர் குழாயின் ஒரு முனையில் வாயை வைத்துப் பேசினால் மறுமுனை மாணவன் காதில் விழும். மின்சாரம் இல்லை, ஒயர் இல்லை. திறந்த விமானத்தில் இருவர் பேசிக்கொள்ள முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். குழாயின் வாய்ப்புனல் முகத்தோடு ஒட்டியிருந்ததுதான் அதன் சூட்சுமம். எங்கள் தோல் உறையும் கடைசியில் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஊர்க்காரர்களுக்காக ஒன்று. இந்த ரேடியோவைப் பற்றிக் கேள்விப்பட்டு முட்டத்திலிருந்து வள்ளக்காரர் ஒருவர் தேடி வந்தார், கடலுக்குக் கொண்டுபோக ஆகுமா என்று. ஆகாது. கடலில் பேசுவது 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம், எஃப்எம் முறையில். ஆபத்தில் அழைக்கும் சேனல் 16 இருப்பது 156.8இல். விமானக் கருவியால் அங்கே யாரையும் கூப்பிட முடியாது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், கூப்பிட முடியாத கருவி கையில் இருந்தும் இல்லாதது போலத்தான். கடலுக்கு என்று செய்த விஎச்எஃப் கருவியை, உரிமத்தோடு, முறையாக வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தோல் உறையின் அளவை மட்டும் ஒரு தாளில் வரைந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த மைக்குக்கும் காற்று ஒன்றுதானே.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கையை மறுபடி விமானத்தில் ஏற்றினோம். அவளைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. தரையிலேயே உட்கார வைத்து, எஞ்சினை ஓட்டி, பொத்தானை அழுத்திப் பேசிக் காட்டினோம். பிறகுதான் "சரி" என்றாள். நான் ஓடுபாதையோரம் நின்றேன். இறங்கி வந்ததும் அவள் முதலில் சொன்னது, "அண்ணா, மேலேயிருந்து சோளக்கொல்லை எல்லாம் பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. அது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே போனேன், இவன் பதில் சொல்லிக்கிட்டே வந்தான்" என்று. ஜூலையில் ப்ராட்ஹெட் என்ற ஊரில் பீட்டன்போல் விமானங்கள் வருடந்தோறும் கூடும். அடுத்த முறை அங்கேயும் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. முன் இருக்கைக்கு ஏறும்போது ஹெட்செட் ஒயர் இறக்கையைத் தாங்கும் கம்பியில் மாட்டி இழுபடுகிறது. பிளக்கை இருக்கையின் வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகும், ஒயரில் 40 சென்டிமீட்டர் கூட வேண்டும். வடசேரி அண்ணாச்சி இன்னும் நான்கு உறை தைத்து வைத்திருக்கிறார். மருமகன் டிசம்பரில் வரும்போது உறையையும் ஒயரையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.